ஆடுகள் ஏறிய படிக்கட்டு: மால்டாவில் ஏழு நாள்

மார்ச் 4, 2024, திங்கள். வலெட்டா

"அங்க யாரு இருக்காங்க கண்ணு?" என்று அம்மா நாலைந்து தடவை கேட்டுவிட்டார்.

மத்தியதரைக் கடல் தீவான மால்டாவில் எனக்கு யாரும் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் என் உடம்பில் ஐந்து மாதம் குடியிருந்த ஒரு காய்ச்சலுக்கு அந்த ஊரின் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் புருசெல்லோசிஸ். மாட்டுக்கு வந்தால் கன்று வீச்சு நோய். மனிதர்களுக்கு வந்தபோது நெடுநாள் வழங்கிய பெயர் மால்டா காய்ச்சல்.

நான் ஈரோடு பக்கம் கால்நடை உதவி மருத்துவர். 2016 மழைக்காலத்தில் ஒரு தோட்டத்தில் ஏழு மாதச் சினை மாடு கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. என்னிடம் கையுறை தீர்ந்துபோயிருந்தது. மாட்டுக்காரம்மா கண் கலங்கி நிற்கிறார், மறுநாள் வரை விட்டால் மாடு பிழைக்காது என்கிறார். சோப்பும் எண்ணெயும் தடவிக்கொண்டு வெறுங்கையை விட்டுத்தான் எடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் குளிர், விடிகாலையில் பாய் நனைகிற வேர்வை, இடுப்பில் ஆணி அடித்த மாதிரி வலி. நாலு நாள் விடும், மறுபடி வரும். டைபாய்டு என்றார்கள், அப்புறம் காசநோயாக இருக்கலாம் என்றார்கள். கூட வேலை பார்க்கும் டாக்டர் ஒருவர்தான், "ரத்தத்தை நம்ம லேப்லயே போட்டுப் பாத்துரலாம் மேடம்" என்றார். மாட்டுக்குச் செய்கிற அதே சோதனை. தட்டில் ஒரு சொட்டு ரத்தநீர், பக்கத்தில் ஒரு சொட்டு ரோஸ் நிறக் கரைசல், இரண்டையும் கலந்து நாலு நிமிடம் தட்டை ஆட்ட வேண்டும், நோய் இருந்தால் துகளாகத் திரியும். எனக்கு நாலு நிமிடம் தேவைப்படவில்லை. ரோஸ் நிறம் திரிந்த பால் போலத் துகள் துகளாக ஒதுங்கியது.

ஆறு வாரம் மாத்திரை. குணமாகிவிட்டேன். ஆனால் இந்த நோயை முதன்முதலில் துரத்திப் பிடித்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

இறங்கும்போதே மழை. குடையை மடக்கிவிடுகிற காற்று. தலைநகர் வலெட்டாவில் அறை எடுத்திருந்த செயின்ட் உர்சுலா தெரு ஒரு தெருவே இல்லை, படிக்கட்டு. நாற்பது படி ஏறுவதற்குள் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று உருண்டு கீழே போய்விட்டது. உணவு கொண்டுபோகிற பையை முதுகில் மாட்டிய ஒரு பையன் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். திருச்சூர்க்காரன். "சேச்சி, முதல் நாளா? இங்க எல்லாமே படிதான்" என்றான். டீ குடித்துவிட்டுப் போ என்றேன். கையில் போன் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது, ஓடிவிட்டான்.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. வார்த்தைக்கு வார்த்தை 'அல்பி' என்கிறார். 'என் இதயமே' என்று அர்த்தமாம். எங்கள் ஊர்க் 'கண்ணு'தான். இன்னொரு வார்த்தை 'மெலா'. நாம் 'சரி', 'அப்புறம்' என்று போடுகிற இடத்திலெல்லாம் இவர்கள் மெலா போடுகிறார்கள். அறை வாடகை ஒரு இரவுக்கு 45 யூரோ, சமையலறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கடையில் பால் வாங்கிவந்து பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சினேன். பதப்படுத்திய பால்தான், தெரியும். கை கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா வாசலில் நின்று பார்த்தார். "என் அம்மாவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 5, செவ்வாய். சேக்ரா இன்ஃபர்மேரியா

காலைக்கு பஸ்டிட்சி. வைர வடிவில், விரல் பட்டால் உதிர்கிற அடுக்கு மாவு. உள்ளே ரிக்கோட்டா பாலாடை அல்லது பட்டாணி மசியல். ஒன்று 60 சென்ட். பட்டாணி வைத்தது நம் ஊர் பப்ஸுக்கு ஒன்றுவிட்ட அக்கா. இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது.

மால்டாவை ஆண்ட கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகளான புனித ஜான் நைட்டுகள் 1574இல் கட்ட ஆரம்பித்த சேக்ரா இன்ஃபர்மேரியா மருத்துவமனை, நகரத்தின் கடலோர முனையில் இருக்கிறது. இப்போது மாநாட்டு அரங்கு. பெரிய வார்டின் நீளம் 155 மீட்டர். நான் போனபோது ஏதோ விருந்துக்கு வட்ட மேஜைகளும் வெள்ளைத் துணியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் துணி விரிக்கிறவர் கட்டைவிரல் அளவு தெரிகிறார்.

பிரிட்டிஷார் வந்தபின் இது படையினருக்கான மருத்துவமனை ஆயிற்று. மத்தியதரைக் கடலில் அவர்களுடைய கப்பற்படைக்கு மால்டாதான் தலைமை இடம். கடலை ஆளலாம், ஆனால் கரையில் கால் வைத்த சிப்பாய் மாதக்கணக்கில் படுத்துவிடுகிறான். சாவு குறைவு. ஆனால் எழுந்திருக்க மாட்டான், பலரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஜெஃப்ரி மார்ஸ்டன் என்ற படை மருத்துவர் தனக்கே அந்தக் காய்ச்சல் வந்து, தன் உடம்பையே பார்த்து எழுதிய விவரம்தான் இந்த நோயைப் பற்றிய முதல் தெளிவான குறிப்புகளில் ஒன்று. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1860 வாக்கில் ஒருவர் என் காய்ச்சல் அட்டவணையை எழுதி வைத்திருந்தார்.

1884இல் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் படை மருத்துவர் மனைவி மேரியோடு இங்கே வந்து சேர்கிறார். இருவருக்கும் நுண்ணோக்கிதான் குடும்பம். இறந்துபோன சிப்பாய்களின் மண்ணீரலில் ஒரு நுண்ணுயிரை 1886இல் கண்டார், வளர்த்தும் காட்டினார். மைக்ரோகாக்கஸ் மெலிடென்சிஸ் என்று பெயர் வைத்தார். மெலிட்டா என்பது மால்டாவின் ரோமானியக் காலத்துப் பெயர். பின்னாளில் அவர் பெயரிலேயே அது புருசெல்லா ஆயிற்று.

கிருமி கிடைத்துவிட்டது. எப்படி வருகிறது என்பது அடுத்த பதினெட்டு வருடத்துக்குத் தெரியவில்லை. துறைமுகத்துச் சாக்கடை நாற்றம் என்றார்கள், கொசு என்றார்கள், பாசறையின் மண் என்றார்கள். கண்டும் காணாமல் விட முடியாத விஷயம் ஒன்று உண்டு. சிப்பாய்களைவிட அதிகாரிகளுக்கு அதிகம் வந்தது. வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு உள்ளே இருக்கும்போதே வந்தது. நோயாளிக்கு ஊட்டமாக என்ன கொடுப்பார்கள்? பால்தானே. அந்தப் பெரிய வார்டில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு குவளை பால் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துணி விரித்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 6, புதன். காஸ்டெல்லானியா

இன்று வெயில். ஆனால் நிழலுக்குப் போனால் ஸ்வெட்டர் வேண்டும், வெளியே வந்தால் கழற்ற வேண்டும்.

மெர்ச்சன்ட்ஸ் தெருவில் இருக்கிறது காஸ்டெல்லானியா. நைட்டுகள் காலத்தில் நீதிமன்றமும் சிறையும், 1760இல் கட்டி முடித்தது. வாசலுக்கு மேலே நீதி, உண்மை என்று இரண்டு பெண் உருவங்கள். இப்போது சுகாதார அமைச்சகம். கீழே கடைகள், ஜனங்கள் பை தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் இந்தப் பயணம் வந்ததே இந்தக் கட்டிடத்துக்காகத்தான்.

வாசலில் இருந்த காவலரிடம், "தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட்டின் ஆய்வகம் இங்கேதானே?" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் எந்தத் துறை?" "மாட்டு டாக்டர். இந்தியா." அவர் முகம் மாறிவிட்டது. "மெலா! மாட்டு டாக்டர்!" என்று உள்ளே இருந்தவரிடமும் சொல்லி, முன்னறிவிப்பு இல்லாமல் மாடிக்கு அனுப்ப முடியாது, முற்றம் வரை வாருங்கள் என்று தானே கூட்டிக்கொண்டு போனார். நடுவில் ஒரு கல் நீரூற்று. நாலு பக்கமும் மஞ்சள் சுண்ணாம்புக்கல் சுவர். வெறும் ஒரு முற்றம்தான். நான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

நடந்ததை ஊர்ப் பக்கம் பயிற்சி வகுப்புகளில் நான் எப்போதும் சொல்வதுண்டு. இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

1904இல் கப்பற்படை, தரைப்படை, மால்டா அரசு மூன்றும் சேர்ந்து கேட்டுக்கொண்டதால் லண்டன் ராயல் சொசைட்டி ஒரு ஆணையம் அமைத்தது. மத்தியதரைக் காய்ச்சல் ஆணையம். தலைவர் புரூஸ். படை மருத்துவர் ஹாரக்ஸ், கப்பற்படை மருத்துவர் ஷா முதலியோர் உறுப்பினர்கள். மால்டாக்காரரான ஸம்மிட் பொதுச் சுகாதாரத் துறையின் பரிசோதகர், இந்தக் கட்டிடத்தில் வேலை. கிருமியை எந்த மிருகத்துக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்று தேடினார்கள். ஆடு மலிவு, ஊரெல்லாம் கிடைக்கிறது. ஆட்டுக்கு இந்த நோய் வராது என்றே எல்லோரும் நம்பினார்கள். ஏனென்றால் ஆடுகள் பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தன, நன்றாகப் பால் கறந்தன.

1905 ஜூன் மாதம். கிருமி கொடுப்பதற்கு முன்னால் ஸம்மிட் ஆறு ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். ஐந்து ஆடுகளின் ரத்தம் திரிந்தது.

கொடுக்காத கிருமி ஏற்கனவே உள்ளே இருக்கிறது! ரத்தநீர் அடியில் துகளாக ஒதுங்குவதை அவர் பார்த்த நிமிடத்தை நான் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். எனக்குத் தட்டில் தெரிந்த அதே துகள். அவரும் முதலில் சோதனை தவறிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். திருப்பிச் செய்திருப்பார். நானும் திருப்பிச் செய்தேன்.

சில நாளில் பாலிலேயே கிருமி கிடைத்தது. தீவின் ஆடுகளில் ஏறக்குறைய பாதி நோயைத் தாங்கியவை, பத்தில் ஒன்று பாலில் கிருமியை விட்டுக்கொண்டிருந்தது. 1906 நடுவில் பாசறைகளிலும் கப்பல்களிலும் ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். அதற்குப் பதில் டின் பால். 1905இல் தரைப்படையில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் விழுந்த காய்ச்சல், 1907இல் ஒரு சிலருக்கு மட்டும். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, ஒரே ஒரு உத்தரவு.

இன்று அமெரிக்கப் படைக்கு ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூலில் ஐரோப்பாவுக்கான பொதுச் சுகாதாரத் தலைமையகம் ஒன்று இருக்கிறது. மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் அங்கே ஒரே குடைக்குக் கீழ். படை நாய்க்கு ஊசி போடுவதும் சிப்பாய் சாப்பிடும் பாலையும் இறைச்சியையும் பரிசோதிப்பதும் ஒரே அமைப்பின் வேலை. இதெல்லாம் இன்று ஒரு ஏற்பாடாகத் தெரிகிறது. இந்த முற்றத்தில் அன்றைக்கு அது ஏற்பாடு இல்லை. ஒரு மனித நோய்க்கு ஒரு ஆட்டின் ரத்தத்தில் பதில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்த உத்தரவு பாசறைச் சுவரோடு நின்றுவிட்டது. அதுதான் எனக்கு நெஞ்சில் உறுத்துவது. சுவருக்கு வெளியே இருந்த ஜனங்களுக்கு ஆட்டுப்பால்தான் பால். ஆட்டுக்காரனுக்கு ஆடுதான் சோறு. அவனுக்கு வேறு வழி எதுவும் செய்து கொடுக்காமல் பாலை நிறுத்து என்று யாரால் சொல்ல முடியும்? பால் பதப்படுத்தும் நிலையம் வந்தது 1938இல். நடுவில் முப்பத்திரண்டு வருடம். அத்தனை வருடமும் அந்தக் காய்ச்சல் ஊருக்குள் இருந்தது.

காவலர் வெளியே வந்து வழியனுப்பினார். அவர் தாத்தா பக்கத்துத் தீவான கோசோவில் ஆடு வைத்திருந்தாராம். "நல்ல மனிதர், ஆனால் கோபக்காரர். ஆட்டைச் சோதிக்க வந்த ஆட்களைக் கல்லால் அடித்தாராம்" என்றார்.

மதியம் ஒரு சந்துக் கடையில் 'சொப்பா தல் அர்ம்லா'. கைம்பெண் சூப் என்று பொருள். உருளை, காலிபிளவர், கேரட், பட்டாணி, அதில் ஒரு முட்டையும் ஒரு வில்லைப் பாலாடையும் முழுதாக மிதக்கிறது. இல்லாதவள் வீட்டுச் சமையல், அக்கம்பக்கத்தார் கொடுத்த காய்களை வைத்துச் செய்வது என்று கடைக்காரர் சொன்னார். 8 யூரோ. மிளகைக் கை நிறையப் போட்டுக்கொண்டு குடித்தேன்.

மார்ச் 7, வியாழன். தார்ஷீன்

ஸம்மிட்டைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது காய்ச்சலை இல்லை, கோயில்களை. எனக்கு இது தெரிந்திருந்தாலும் இவ்வளவு என்று தெரியாது. மருத்துவரான அதே மனிதர்தான் இந்தத் தீவின் தொல்லியலுக்கும் தந்தை. ஹால் சஃப்லியேனி என்ற பாதாளக் கல்லறையை ஆராய்ந்தார். 1915 முதல் 1919 வரை தார்ஷீன் கற்கோயில்களைத் தோண்டி எடுத்தார்.

பாதாளக் கல்லறைக்கு நாளுக்கு எண்பது பேரைத்தான் விடுகிறார்கள். மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் தீட்டிய செங்காவியைக் கெடுத்துவிடும் என்பதால். மாதக்கணக்கில் முன்பதிவு. மறுநாளுக்கு மிச்சச் சீட்டு கிடைக்குமா என்று விடிகாலையில் போய் வரிசையில் நின்றேன். எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் தீர்ந்துவிட்டது. முன்னால் நின்ற போலந்துத் தம்பதி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தார்கள்.

சரி என்று தார்ஷீனுக்குப் பஸ் ஏறினேன். முதல் இரண்டு பஸ்கள் நிறைந்து நிற்காமல் போயின. மூன்றாவதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயணம், 2 யூரோ. வீடுகளுக்கு நடுவே, மொட்டைமாடித் துணிக்கொடிகளுக்குக் கீழே, ஐயாயிரம் வருடத்துக் கற்கள். சுருள் சுருளாகச் செதுக்கல். பெரிய சிலையின் கீழ்ப்பாதி மட்டும், மடிப்பு மடிப்பாகப் பாவாடை கட்டிய கால்கள்.

அசல் கற்களில் சில வலெட்டா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாயங்காலம் அங்கே போனேன். ஒரு நீளக் கல்லில் வரிசையாக ஆடுகள், ஒரு பன்றி, ஒரு செம்மறிக் கிடா. நடை தெரிகிறது, கொம்பு தெரிகிறது. 1905இல் ஆட்டின் ரத்தத்தில் இந்தத் தீவின் துன்பத்தைக் கண்டவர், பத்து வருடம் கழித்து மண்ணுக்குள்ளிருந்து இந்த ஆடுகளை எடுத்து, தூசி துடைத்துப் பார்த்திருக்கிறார். கண்ணாடிக்கு அருகில் போய் வெகுநேரம் நின்றேன். மணி அடித்து வெளியே அனுப்பும் வரை.

மார்ச் 8, வெள்ளி. காற்று

வடகிழக்குக் காற்று. கிரிகால் என்கிறார்கள். கோசோ போகிற வேகப் படகை நிறுத்திவிட்டார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். ஊரில் சிவராத்திரி. அம்மா போனில், குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

மேல் பாராக்கா தோட்டத்தில் நின்று துறைமுகத்தைப் பார்த்தேன். மதியம் பன்னிரண்டுக்குப் பீரங்கி வெடிக்கிறார்கள், காது அடைத்துவிட்டது. 1905 ஆகஸ்டில் இங்கிருந்துதான் 'ஜோஷுவா நிக்கல்சன்' என்ற கப்பல் அறுபது சொச்சம் மால்டா ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனது. நல்ல கறவை என்று அமெரிக்க அரசின் கால்நடைத் துறை வாங்கிய ஆடுகள். வழியில் மாலுமிகள் ஆசைதீரப் பால் குடித்தார்கள். குடித்தவர்களில் பலர் படுத்துவிட்டார்கள். யாரும் திட்டமிடாமல் கடல் நடுவே நடந்த பரிசோதனை அது. ஆணையத்துக்குக் கிடைத்த வலுவான சாட்சிகளில் ஒன்று.

பழைய நாணயம் விற்கிற கடையில் ஒதுங்கினேன். 1964இல் இங்கே புருசெல்லோசிஸ் மாநாடு நடந்தபோது வெளியிட்ட தபால்தலைகள் இருக்குமா என்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர் ஒன்றும் பேசாமல் மூன்று ஆல்பம் புரட்டி எடுத்தார். ஒன்றில் புரூஸும் ஸம்மிட்டும். இன்னொன்றில் ஒரு ஆடு, பக்கத்தில் ஆய்வகக் குடுவைகள். இரண்டும் சேர்த்து 3 யூரோ. ஆட்டுக்குத் தபால்தலையில் இடம் கொடுத்தவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

தவக்காலம் என்பதால் பேக்கரிகளில் க்வாரெசிமால் என்ற பாதாம் பிஸ்கட். வெண்ணெயோ முட்டையோ சேர்ப்பதில்லை, மேலே தேன். ஒன்று இரண்டரை யூரோ. அம்மாவுக்கு ஆறு வாங்கினேன்.

மார்ச் 9, சனி. கோசோ

காற்று இறங்கிவிட்டது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வடக்கு முனைக்கு, அங்கிருந்து பெரிய படகில் இருபத்தைந்து நிமிடம். படகுக்குப் போகும்போது காசு கேட்பதில்லை, திரும்பும்போது 4 யூரோ 65 சென்ட். கோசோ பச்சைப்பசேல் என்று இருக்கிறது. மழைக்குப் பின் கல்வரப்புகளுக்கு நடுவே சிவப்பு க்ளோவர் பூத்துக் கிடக்கிறது. ஆட்டுக்கு அருமையான தீவனம். எனக்கு அதை அறுத்து ஒரு கட்டு கட்ட வேண்டும் போலக் கை துறுதுறுத்தது.

வீட்டுக்காரம்மாவின் உறவுக்காரர் ஒருவர் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். செம்மறி அறுபது, வெள்ளாடு இருபதுக்குள். கணவன் மனைவி இருவர்தான் வேலை. நான் கால்நடை மருத்துவர் என்றதும் அவர் ஒரு வெள்ளாட்டைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார். பரீட்சை வைக்கிறார் என்று புரிந்தது. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், மடியை இரண்டு பக்கமும் அழுத்தினேன், பல்லைப் பார்த்து வயது சொன்னேன். நான்கு. "மெலா" என்று தலையாட்டினார். அதற்கப்புறம் அவர் பேசியதை நிறுத்தவே முடியவில்லை.

ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் எண். அரசு மருத்துவர்கள் வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள். 'ஜ்பெய்னா' என்கிற குட்டிப் பாலாடைக்கட்டிதான் இவர்களுக்கு வருமானம். உள்ளங்கையில் அடங்குகிற வட்டம். முன்பு நாணல் பின்னிய கூடையில் வார்த்தார்களாம், இப்போது பிளாஸ்டிக் கூடை. ஆனாலும் பாலாடையின் பக்கவாட்டில் அதே கூடைப்பின்னல் வரி விழுகிறது. புதியது இளநீர் வழுக்கையாட்டம் நடுங்குகிறது. காய்ந்தது, மிளகு பூசியது தனித்தனி.

"பாலைக் காய்ச்சுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபின் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயம். அவர் என்னைத் தொட்டிக்குக் கூட்டிப்போய் வெப்பமானியைக் காட்டினார். 63 டிகிரியில் அரை மணி நேரம். ஒவ்வொரு நாளும் பென்சிலால் எழுதி வைத்த நோட்டு. "1995" என்றார். அந்த வருடம் பச்சைப்பாலில் செய்த ஜ்பெய்னா மூலம் மால்டாவில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. அவர் பண்ணையிலிருந்து இல்லை. ஆனால் அந்த வருடம் இவருடைய பாலாடையையும் யாரும் வாங்கவில்லை, கடையிலிருந்து கூடை கூடையாகத் திரும்பி வந்தது, பன்றிக்குப் போட்டோம் என்றார். அப்போது மூத்த மகளுக்கு இரண்டு வயதாம்.

குட்டி போடுகிற கொட்டகையைக் காட்டினார்கள். வைக்கோல், விளக்கு, ஒரு வாளி. வாசல் தூணில், கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், ஒரு மரப்பெட்டி அடித்து அதற்குள் கையுறை டப்பா. நீளக் கையுறை, தோள் வரை வருவது. டப்பாவின் வாய் அழுக்காகி, பல தடவை இழுத்து எடுத்த அடையாளத்தோடு இருந்தது. அந்த அம்மா ஒன்றை உருவி எப்படிப் போட்டுக்கொள்வார் என்று செய்துகாட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊரில் கிடேரிக் கன்றுகளுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் தடுப்பூசி போடுகிறோம், நல்ல திட்டம், நானே ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். ஆனால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துக் குப்பைமேட்டில் போடுகிற மாட்டுக்காரம்மாவின் கட்டுத்தறித் தூணில் இந்தப் பெட்டி இல்லை. என் தூணிலேயே அன்றைக்கு இல்லையே. தூணை போட்டோ எடுத்துக்கொண்டேன். பெட்டியின் நீள அகலத்தையும் ஜாண் வைத்து அளந்துகொண்டேன்.

ஆறு ஜ்பெய்னா கட்டிக் கொடுத்தார்கள். காசு வாங்கமாட்டேன் என்றார்கள். பையிலிருந்த கடலைமிட்டாயை அவர்கள் பேத்திக்குக் கொடுத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு. வலெட்டா

மதியம் விமானம். சக்கரம் இல்லாத பெட்டியை எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டே காலையில் சமையலறைக்குப் போனால், வீட்டுக்காரம்மா எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மேஜைமேல் ஒரு பழைய அலுமினியப் பாத்திரம், அடி கறுத்தது. "அம்மாவுடையது" என்றார்.

இந்த வாரம் முழுக்க நான் எங்கே போனேன் என்று சாயங்காலம் சாயங்காலம் கேட்டுக்கொண்டவர், தன்னிடம் இருந்ததை இன்றுதான் சொன்னார். அவருடைய அம்மா இதே தெருவில் வளர்ந்தவர். விடிகாலையில் ஆட்டுக்காரர் மந்தையோடு படியேறி வருவாராம். குளம்புச் சத்தம் கேட்டதும் பெண்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வருவார்கள். மாடி வீடு என்றால் ஆடே மாடிப்படி ஏறும். கண்ணெதிரே கறந்தால்தான் தண்ணீர் கலக்காத பால். எங்கள் தாத்தா காலத்தில் மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கறந்ததைச் சொன்னேன். அப்படியா அல்பி, என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

1936இல் அம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தபோது அந்தக் காய்ச்சல் வந்தது. அதற்கு மால்டா மொழியில் இருக்கும் பெயரைச் சொன்னார். பாதி எழுத்து தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிற சொல், என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. மெலிந்த காய்ச்சல் என்று பொருள். நம் ஊரில் உள்காய்ச்சல் என்போமே, அது மாதிரி. பத்து மாதம் படுக்கை. கல்யாணம் தள்ளிப்போனது. மாமன் ஒருவர் பிரிட்டிஷ் பாசறையில் சமையல் வேலை. அங்கே அவர் சேர்ந்த நாளிலிருந்து டின் பால் மட்டும்தான், ஆட்டுப்பால் உள்ளே வரக்கூடாது. ஏன் என்று அவருக்குத் தெரியும். வீட்டிலும் சொன்னாராம்.

"அப்புறம் ஏன் வாங்கினார்கள்?" என்றேன்.

"ஆட்டுக்காரர் அம்மாவின் ஞானத்தந்தை. வாசலில் நிற்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?"

போர் வந்து, 1942 முற்றுகையில் தீவே பட்டினி கிடந்தபோது ஆடுகளையெல்லாம் வெட்டிப் பொதுச் சமையலறையில் குழம்பு வைத்தார்களாம். ஞானத்தந்தையின் மந்தையும் அப்படித்தான் போயிற்று. அம்மா அந்தக் குழம்பைத் தொடவில்லை. போருக்குப் பின் பாட்டில் பால் வந்தது. பாட்டிலில் வந்தாலும் அம்மா சாகும் வரை மூன்று முறை பொங்கவிட்டுத்தான் குடித்தார்.

நான் தபால்தலைகளில் ஆடு இருப்பதை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து அந்தக் கறுத்த பாத்திரத்தைக் கழுவி, பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். இருவரும் பக்கத்திலேயே நின்றோம். ஓரத்தில் ஆடை சுருங்கி, நடுவில் குமிழ் எழும்பி, பால் விளிம்புக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பைக் குறைக்கக் கை நீட்டினோம்.

"ஒன்று" என்றார்.